பை புறப்பட்ட தேதி

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்தில் என் மானம் கப்பலேறியது. ராகுகாலம் தொடங்கிச் சரியாகப் பதினேழாவது நிமிடம். பொதுவாக ராகுகாலத்தில் நான் போனை எடுப்பதில்லை. (எடுத்தால் நல்ல செய்தி வராது என்பது என் கட்சி. எடுக்காவிட்டால் அதே செய்தி பத்தரைக்கு மேல் வரும் என்பது என் மனைவி கோமதியின் கட்சி.) ஆனால் கூப்பிட்டது கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் மதி. அங்கே அவள் தூங்க வேண்டிய நேரம். எடுத்தேன்.

"அப்பா, நீங்க குடுத்த தேதி ஒண்ணுகூட ஒத்துப்போகலையாம். லெட்டர் வந்திருக்கு."

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இருபத்தெட்டு வருடமாகக் கோப்புகளோடு குடும்பம் நடத்துகிறவன். மாற்றுச் சான்றிதழில் ஒரு மாணவனின் பிறந்த தேதியை மூன்று முறை சரிபார்த்த பிறகே கையெழுத்துக்கு அனுப்புவேன். என்னிடம் வந்து தேதி தப்பு என்றால், சமையல்காரரிடம் போய் உப்பு எது என்று தெரியுமா எனக் கேட்டதுபோல இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மதி கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்த விண்ணப்பத்தில், கடந்த ஐந்து வருடத்தில் எந்தெந்தத் தேதியில் நாட்டைவிட்டு வெளியே போனாய், எந்தத் தேதியில் திரும்பினாய் என்று ஒவ்வொரு பயணமாகக் கேட்கிறார்கள். வெளியே இருந்த நாட்களைக் கழித்து, உள்ளே இருந்த நாட்கள் போதுமா என்று பார்க்கிறார்கள். மூன்று முறை அவள் ஊருக்கு வந்து போயிருந்தாள். பயணச்சீட்டுகளெல்லாம் பழைய வேலையின் மெயிலில் இருந்தன. வேலையை விட்டதும் அந்த மெயிலும் போய்விட்டது. புதிய பாஸ்போர்ட்டில் கடைசியாகக் கிளம்பியபோது குத்திய முத்திரை ஒன்றுதான், அதுவும் மை பரவித் தேதி படிக்க முடியாமல். மற்ற முத்திரை எல்லாம் இருந்தது பழைய பாஸ்போர்ட்டில். பழைய பாஸ்போர்ட் இருந்தது என்னிடத்தில்.

என்னிடம் ஏன் இருந்தது? கடைசி முறை அவள் வந்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது, பழையதை நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "அங்கன கொண்டுபோயித் தொலைச்சுருவ. இங்கன என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கினேன். இந்த வாக்கியத்தைக் கோமதி இன்றுவரை எனக்கு வாரம் இரண்டு தடவை திருப்பிச் சொல்கிறாள், என் குரலிலேயே.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பு மதி கேட்டது எளிய உதவிதான். பழைய பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பவேண்டும், அவ்வளவுதான். பீரோவைத் திறந்தேன். இருக்கவேண்டிய உறையில் அது இல்லை. (இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.) இரண்டு நிமிடம் யோசித்தேன். பாஸ்போர்ட் எதற்கு? என் டைரி இருக்கிறதே! அவள் வந்ததும் போனதும் நாள், கிழமை, மணி, நிமிடத்தோடு பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறேனே! அதிகாரிகள் குத்துகிற முத்திரை பாதி அழிந்து, பாதி சாய்ந்து கிடக்கும். என் எழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். சட்டசபையில் மானியக் கோரிக்கை வாசிக்கிற மந்திரியைப்போலப் போனில் எல்லாத் தேதிகளையும் வாசித்தேன்.

தேதியெல்லாம் சரிதானே என்று அவள் ஒருமுறை கேட்டாள். என் டைரி தப்பாக இருந்தால் பஞ்சாங்கமே தப்பு என்றேன். அவள் நம்பிவிட்டாள். பெற்ற மகள் அல்லவா.

என் தேதிகளை வைத்துக் கூட்டிக் கழித்ததில், தேவையான நாட்களுக்கு மேல் பதினைந்து நாள் மிச்சம் வந்தது. விண்ணப்பம் போனது. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டாள்: "இது மட்டும் கெடைச்சுட்டா நாள எண்ண வேண்டாம்மா. நாலு மாசம் வந்து உன்கூட இருப்பேன்." ஒவ்வொரு முறையும் மூன்று வாரம், நான்கு வாரம் என்று விரல் விட்டு எண்ணி வந்துபோன பிள்ளை. கோமதி மறுநாளே முன்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள். தெரு முழுக்கத் தெரிவித்துவிட்டாள். காய்கறி வண்டிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பாப்பா எப்பம் சார் வருது" என்று கேட்க ஆரம்பித்தார்.

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம். எல்லையில் உள்ள பதிவுக்கும் நீ தந்த தேதிகளுக்கும் பொருந்தவில்லை, காரணம் எழுது, உன் பாஸ்போர்ட்டுகள் அனைத்தின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து அனுப்பு, இரண்டு வாரம் அவகாசம். பொய்த் தகவல் தந்ததாக முடிவானால் என்னென்ன ஆகும் என்று கீழே ஒரு பத்தி இருந்ததாம். அதை அவள் எனக்கு முழுதாக வாசித்துக் காட்டவில்லை. வாசிக்காததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேட ஆரம்பித்தோம். பீரோ, பெட்டி, மெத்தைக்கு அடி, பூஜை அலமாரி. மதியின் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டை கிடைத்தது. குடும்ப அட்டை நகல் பதினொன்று கிடைத்தது. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஏழு கிடைத்தது. பாஸ்போர்ட் மட்டும் இல்லை. 'முக்கியம்' என்று நானே எழுதி ஒட்டிய கோப்பைத் திறந்து பார்த்த கோமதி, உள்ளே இருந்த உத்தரவாதச் சீட்டை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினாள்.

"மிக்சி செத்துப் பத்து வருசமாச்சு. அதுக்கு ஜாதகத்த மட்டும் பத்திரமா வச்சிருக்கீளே."

சாயங்காலம் மதி மறுபடி கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம். கோமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு, கனடா அரசாங்கமே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"மொதத் தடவ நான் இங்க வந்து எறங்குனது வியாழக்கெழமன்னு அவங்ககிட்ட பதிவு இருக்குப்பா. ஞாயித்துக்கெழமையே கெளம்பிட்டேன்னு நீங்க குடுத்திருக்கீங்க. நடுவுல நான் எங்க இருந்தேன்னு கேக்காங்க."

டைரியைப் பார்த்தேன். 'ஞாயிறு காலை 7.45, மதி புறப்பாடு.' பச்சை மை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. விமானத்தில் ஏதோ கோளாறு நடந்திருக்கவேண்டும், அல்லது கனடாக்காரர்களின் நாட்காட்டியில் தவறிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

கோமதி அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஞாயித்துக்கெழம பைதான பொறப்பட்டுச்சு. அவ புதன்கெழமலா போனா."

கையில் இருந்த பேனா கீழே விழுந்தது. (அது பச்சை மைப் பேனா. அதன் பிறகு நான் அதைத் தொடவில்லை.)

தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்த இரண்டு நாளில் வடக்கு நோக்கிப் பயணம் புறப்படக்கூடாது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயில் வடக்கேதான் போகிறது, வேறு வழியில்லை. மதிக்குப் பயணச்சீட்டு அமைவதோ ஒவ்வொரு முறையும் செவ்வாய் அல்லது புதன். (விமானக் கம்பெனிகள் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் விலை குறைக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வழிதான் பரஸ்தானம். நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணம் போகிறவருடைய பொருள் ஒன்றைப் பையில் போட்டு, போகும் திசையில் இருக்கிற வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த நிமிடமே அவர் புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். அப்புறம் ஆள் எந்தக் கெட்ட நாளில் வேண்டுமானாலும் போகலாம், போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு. ஆள் போவது வெறும் சம்பிரதாயம்.

அப்போது எங்களுக்கு வடக்கே அடுத்த வீடு மிக்கேல் அண்ணாச்சியுடையது. கடற்கரை ஊர்க்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலில் ஏறுகிற சரக்கையும் இறங்குகிற சரக்கையும் எண்ணி எழுதுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சூலத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் தன்னிடம் ஒப்படைத்த சரக்குக்குத் தானே பொறுப்பு என்பதில் பெரிய நம்பிக்கை. நான் கொண்டுபோய் வைக்கிற மஞ்சள் பையை மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்து, பழைய பழக்கத்தில் ஒரு சீட்டும் எழுதிக் கட்டிவிடுவார்.

முதல் முறை பையை வைத்துவிட்டு, 'மதி புறப்பட்டாயிற்று' என்று நான் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கயிற அவுத்தாத்தான் கப்பல் பொறப்பட்டதா கணக்கு வே. மூட்டைய ஏத்துனதுக்கெல்லாம் பொறப்பாடுன்னு எழுதக்கூடாது."

நான் பரிதாபமாகச் சிரித்தேன். இந்த விஷயத்தில் கனடா அரசாங்கம் மிக்கேல் அண்ணாச்சியின் கட்சி என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆக, நான் டைரியில் எழுதி வைத்ததெல்லாம் பை புறப்பட்ட தேதி. முதல் முறை பைக்கும் ஆளுக்கும் மூன்று நாள் வித்தியாசம். இரண்டாம் முறை அஷ்டமியும் நவமியும் குறுக்கே வந்ததால் ஐந்து நாள். மூன்றாம் முறை மறுபடி மூன்று. மொத்தம் பதினோரு நாள் என் மகள் திருநெல்வேலியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஊரை விட்டே போய்விட்டாள் என்று நான் ஒரு வெளிநாட்டு அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்திருக்கிறேன். மிச்சமிருந்த பதினைந்தில் பதினொன்று போக நான்கு நாள்தான் மீதி. எனக்குப் பக்தி இன்னும் ஐந்து நாள் கூடுதலாக இருந்திருந்தால் பிள்ளையின் குடியுரிமை போயிருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மதி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அப்பா, கடைசித் தடவ வச்ச பை எங்கப்பா?"

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வழக்கமாகப் பையில் அவளுடைய பழைய துப்பட்டா ஒன்றைப் போடுவேன். அந்த முறை கோமதி அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். நல்ல நேரமோ முடியப்போகிறது. பீரோவில் கையை விட்டேன், பழைய பாஸ்போர்ட் தட்டுப்பட்டது. அவள் முகம், அவள் பெயர், பிறந்த ஊர் எல்லாம் இருக்கிற பொருள்! துப்பட்டாவைவிட இதல்லவா அவளுக்குப் பொருத்தம்? பாஸ்போர்ட்டே பரஸ்தானம் போவதுபோல் உண்டா என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, ஒரு பிடி அரிசியும் மஞ்சள் துண்டும் சேர்த்துப் பையில் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

புதன்கிழமை அவள் கிளம்பும்போது, பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கார் பின் தெருவில் வந்து நின்றது. அண்ணாச்சி வீட்டுப் பக்கம் போகவே இல்லை. அவரும் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். பையை மறந்தோம். பாஸ்போர்ட்டையும் மறந்தேன். ஆறு மாதத்தில் அண்ணாச்சியின் மகன் தச்சநல்லூரில் வீடு கட்டி, அவர்களும் அங்கே குடிபோய்விட்டார்கள்.

அண்ணாச்சியின் போன் நம்பர் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தச்சநல்லூர் போனேன். இரண்டு மணி நேரம் சுற்றி, கடைகடையாக விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால், கதவில் பூட்டு. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார். தூத்துக்குடியில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானமாம், நாளைக்குத்தான் வருவார்களாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: "போன மாசந்தான் பரண்ல கெடந்த பழசெல்லாம் எறக்கிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாங்க. நீங்க எதுவும் குடுத்து வச்சிருந்தீங்களா?"

ஒரு சீட்டில் 'மஞ்சள் பை. மிக அவசரம்' என்று எழுதி, பெயரும் போட்டு, கதவு இடுக்கில் செருகினேன். திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே தாமிரபரணியில் ஆட்கள் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட யாருடைய குடியுரிமையையும் பழைய சாமானுக்குப் போட்டவராகத் தெரியவில்லை. பொறாமையாக இருந்தது. வெள்ளையடித்த முன்னறையை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோமதி என் முகத்தைப் பார்த்தாள், தட்டை எடுத்துப் போட்டுச் சோறு வைத்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கல்லூரிக்கு விடுப்புப் போட்டேன். சும்மா இருக்க முடியாமல், கனடா அரசாங்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி' என்று தொடங்கி, எந்தக் கிழமை எந்தத் திசையில் சூலம் என்பதற்குத் தனி அட்டவணை போட்டு, பரிகாரங்களை விளக்கி, மூன்று பக்கம் வந்தது. படம் பிடித்து மதிக்கு அனுப்பினேன். அதை அவள் இரண்டு வரியாக்கினாள்: நான் சொன்னவை, குடும்ப வழக்கப்படி என் அப்பா என் பையை முன்கூட்டியே வீட்டைவிட்டு அனுப்பிய தேதிகள், நான் புறப்பட்ட தேதிகள் பாஸ்போர்ட்டில் உள்ளன. அவ்வளவுதான். அட்டவணையைச் சேர்க்க மறுத்துவிட்டாள்.

ஆனால் பாஸ்போர்ட்?

நாலரை மணிக்கு வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. மிக்கேல் அண்ணாச்சி இறங்கினார். ஞானஸ்நானம் முடித்த பிள்ளையை ஏந்திவருவதுபோல இரண்டு கையாலும் மஞ்சள் பையை ஏந்திக்கொண்டு வந்தார். கோமதி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

அவர் நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து, பையில் கட்டியிருந்த சீட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். 'வரவு' என்ற இடத்தில் தேதி இருந்தது. 'போக்கு' என்ற இடம் காலியாக இருந்தது.

ஏன் அண்ணாச்சி இத்தனை நாள் திருப்பித் தரவில்லை என்று கேட்டேன். அழுகிற குரலில் கேட்டதாகக் கோமதி சொல்கிறாள்.

"பொறப்பட்ட பை வீட்டுக்குத் திரும்ப வரக்கூடாது, வந்தா போன காரியம் விளங்காதுன்னு நீருதான வே சொன்னீரு? அதான் தச்சநல்லூருக்குக் குடிபோம்போதும் கையோட கொண்டுபோனோம். மாதா பக்கத்துலதான் இருந்துச்சு." மோர் தம்ளரை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "உம்ம கணக்குப்படி பாத்தா உம்ம மவ ரெண்டு வருசமா எங்க வீட்டுலதான் இருக்கா. நல்ல புள்ள. ஒரு சத்தம் கெடையாது."

கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பையைத் திறந்தேன். அரிசி, மஞ்சள் துண்டு, பாஸ்போர்ட். ஓரத்தில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது, அவ்வளவுதான். முத்திரைகளில் ஒன்றுகூட அழியவில்லை, சாயவில்லை. அதிகாரிகளைப் பற்றி முன்பு நான் சொன்னதை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அன்றைக்கே எல்லாப் பக்கமும் ஸ்கேனாகிப் போனது. நேர்காணலுக்கு அசல் வேண்டும் என்றார்கள். கூரியரில் அனுப்பினேன், அந்த மஞ்சள் பைக்குள்ளேயே வைத்து. ஆக, இரண்டு வருடம் தாமதமாக, ஆள் துணை இல்லாமல், பை கனடா போய்ச் சேர்ந்தது. மிக்கேல் அண்ணாச்சி அதற்கு முன்பு சீட்டில் 'போக்கு' தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் மிச்சத்தில் மதிக்குக் குடியுரிமை கிடைத்தது. உறுதிமொழி எடுத்துக்கொண்ட அன்று அவள் அனுப்பிய படத்தில், ஒரு கையில் சான்றிதழ், மறு தோளில் மஞ்சள் பை. பாளையங்கோட்டை ஜவுளிக் கடையின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. நான் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கோப்பில் வைக்கக் கோமதி அனுமதிக்கவில்லை.

என் டைரியில் இப்போது இரண்டு பத்தி. ஒன்று 'பை', மற்றது 'ஆள்'. ஆனாலும் தப்பிக்க முடியவில்லை. கல்லூரியிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று போனில் சொன்னால், "நீங்களா, பையா?" என்று கேட்கிறாள் கோமதி. கல்யாண வீட்டில் எவராவது "அப்பம் நான் பொறப்படுதேன்" என்றால், எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கு மாதம் தங்க மதி வந்தாள். ஆட்டோ வாசலில் நின்றபோது மணி மூன்று நாற்பது. செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை வரை ராகுகாலம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்றுதான் இன்றுவரை சாதிக்கிறேன். வாயே திறக்கவில்லை. கோமதி மட்டும் ஆரத்தித் தட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடி என்னைப் பார்த்தாள். தோளிலிருந்து மஞ்சள் பையைக் கழற்றி, கேட்டுக்கு மேலாக என் கையில் கொடுத்தாள்.

"ராகுகாலம்லா? பை மட்டும் மொதல்ல உள்ள வரட்டும்ப்பா. நான் தச்சநல்லூர்ல மிக்கேல் மாமா வீட்டுல மூணு நாள் இருந்துட்டு வாரேன்."